மலையேறும் வழியைக் காத்தல்

நந்திக்கடலுக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பில், பனையும் தென்னையும் அன்றி நிமிர்ந்து நிற்பது வேறொன்றும் இல்லாத முள்ளிவாய்க்காலில் பிறந்து வளர்ந்த எனக்குக் கருங்கற் பாறை என்பது சிறுபிராயம் முதற்கொண்டே ஒரு மகா ஆச்சரியமாக இருந்துவந்தது. கரையை விட்டுத் தென்மேற்காக வன்னியின் உட்காட்டுக்குள் பிரவேசித்தால், தண்ணிமுறிப்புக் குளத்தின் பக்கமாகக் குருந்தூர்மலையும், நெடுங்கேணிக்கு அப்பால் ஒலுமடுவில் வெடுக்குநாறிமலையும் தோன்றும். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய இப்பாறைகள் ஏறுகிறவனுடைய கால் பதிவதற்குச் சிறு சிறு படிமானங்களையும், விரல் நுழைவதற்கு வெடிப்புகளையும் தம்மிடத்தே வைத்துக்கொண்டு நிற்பதைக் காணும்போது, அவற்றின்மேல் ஏறாமல் திரும்புவது மனித சுபாவத்துக்கே விரோதமானது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஏறுவதற்குப் பாறை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாறையடிக்குப் போய்ச் சேர ஒரு வழியும் வேண்டும் என்பது, அவ்வழி அடைபடும் நாள்வரை ஒருவருக்கும் தோன்றுவதில்லை. வெடுக்குநாறிமலை உச்சியில் ஆதிலிங்கேஸ்வரரை வழிபட, செங்குத்தான பாறையிலே கயிற்றைப் பற்றியும் ஏணியை நம்பியும் ஏறிவந்த சனங்களுக்கு 2018ஆம் ஆண்டு முதல் தொல்பொருட் பாதுகாப்பின் பேரில் தடைகள் எழலாயின. ஏறுகிறவர்களின் உயிர்ப் பாதுகாப்புக்கான ஏணிப்படியே பிணக்குக்குரிய பொருளாயிற்று. வழக்கு வவுனியா நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2023 மார்ச்சில் மலைமேல் இருந்த விக்கிரகங்கள் பெயர்த்து எறியப்பட்டுக் கிடந்தன. அடுத்த மாதமே நீதிமன்ற அனுமதியுடன் அவை மீளவும் ஸ்தாபிக்கப்பட்டன. 2024 மார்ச் 8ஆம் திகதி மகா சிவராத்திரி இரவில் பொலிசார் அடியார்களை அங்கிருந்து அகற்றி எட்டுப் பேரைக் கைது செய்தார்கள். அவர்கள் அனைவரையும் அம்மாதம் 19ஆம் திகதி வவுனியா நீதவான் நீதிமன்றம் விடுவித்தது.

இந்நிகழ்ச்சிகளைத் தூரத்தே நின்றும் அருகே நின்றும் கவனித்து வந்தவன் என்ற முறையில், பாறைகளின்மேல் பற்றுள்ளவர்களுக்கும், குலதெய்வத்துக்குப் பொங்கலிட வழி தேடுகிறவர்களுக்கும் பயன்படக்கூடிய சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். பொழுதுபோக்காக ஏறுகிறவனும் வழிபாட்டுக்காக ஏறுகிறவனும் வெவ்வேறு மனிதர்கள் அல்லர் என்பது என் திடமான எண்ணம். வழி அடைபட்டால் இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கவேண்டிவரும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது, போக்குவரத்து அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. வன்னியின் துர்ப்பாக்கியம், யுத்தம் எங்களை எங்கள் ஊர்களிலிருந்தே பெயர்த்தெறிந்தது. தண்ணிமுறிப்பு மக்கள் 1984இலேயே இடம்பெயர்ந்தார்கள். எங்கள் மணற்கரையில் 2009 மே மாதம் யுத்தத்தின் இறுதியில் நடந்தது உலகறிந்தது. மனிதர் இல்லாத ஆண்டுகளில் காடு பாதையை விழுங்கிவிடுகிறது. திரும்பி வந்தவன் பாட்டன் நடந்த தடத்தைத் தேடினால் அங்கே பாலையும் வீரையும் ஓங்கி நிற்க, நடுவே எல்லைக்கல் ஒன்று நாட்டப்பட்டிருக்கிறது. ஆகையால் திருவிழா நாளில் மாத்திரம் கூட்டமாகப் போய்ப் பின் ஆண்டு முழுதும் மறந்திருப்பதைவிட, நாலு பேரேனும் மாதந்தோறும் போய், முள்ளை விலக்கி, தடத்தைத் துலக்கி வருவது நூறு மடங்கு பலமுள்ள காரியம். காட்டை வெட்டவேண்டியதில்லை, வெட்டவும் கூடாது; காலடி பட்டுக்கொண்டிருந்தாலே தடம் அழியாது.

இரண்டாவதாக, போய்வந்ததற்குச் சாட்சியம் வேண்டும். மற்ற ஊரவர்கள் பெட்டியைத் திறந்து பழைய பற்றுச்சீட்டையும் புகைப்படத்தையும் எடுத்துக் காட்டலாம். நாங்களோ உறுதிகளையும் அடையாள அட்டைகளையும் கூடக் கடலோரத்து மணலில் விட்டு வந்தவர்கள். அதனால் எங்களுக்கு எஞ்சியிருக்கும் ஆவணம் முதியோரின் ஞாபகமே. எண்பது பிராயத்தைத் தாண்டிய ஒருவர், எந்த வருஷத்தில் எந்த வழியாகப் போனோம், எங்கே வண்டிலை அவிழ்த்தோம், எந்தத் துரவில் தண்ணீர் அள்ளினோம், யார் பூசை செய்தார் என்று சொல்வதை அப்படியே எழுதிச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசியாக்கி வைப்பதற்கு ஒரு நாள் போதும். அவர் காலமான பின் அந்த ஒரு நாளை எத்தனை செலவிட்டும் வாங்க முடியாது. ஆங்கில அதிகாரிகள் எழுதிவைத்தவற்றையும் அசட்டை செய்யலாகாது; ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலும், நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடங்களும், நாம் பிறப்பதற்கு முன்பே வரையப்பட்டவை என்ற காரணத்தாலேயே மதிப்புப் பெறுகின்றன.

அடுத்தது, நிலம் யாருடைய ஆளுகையில் இருக்கிறது என்பதைக் கடிதத்தில் பெறுவது. ஒரே பாறை வனவளத் திணைக்களத்தின் காட்டுக்குள்ளும், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழும் ஏககாலத்தில் அடங்கியிருக்கக்கூடும். அதற்குச் செல்லும் வழியோ பிரதேச செயலாளரின் பொறுப்பிலுள்ள அரச காணியாக இருக்கும். காவலில் நிற்பவர் வாய்ச்சொல்லாக “உள்ளே போக முடியாது” என்று சொல்வதற்கும், இன்ன வர்த்தமானி அறிவித்தலின்படி இன்ன எல்லைக்குள் இன்ன செயல் தடுக்கப்பட்டிருக்கிறது என்று எழுத்திலே காட்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் நமக்குத் தமிழிலேயே கேட்கும் வாய்ப்பைத் தந்திருக்கிறது. ஒவ்வொரு திணைக்களத்துக்கும் தனித்தனியே விண்ணப்பம் எழுதுங்கள். வர்த்தமானியின் பிரதி, எல்லை காட்டும் வரைபடம், பொதுமக்கள் பிரவேசத்துக்கான நிபந்தனைகள் ஆகிய மூன்றை மாத்திரம் கேளுங்கள். காரணம் கற்பிக்காதீர்கள், கோபம் காட்டாதீர்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். மறுத்தால் முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு உண்டு. நானும் நண்பர்களும் இவ்வாறு எழுதிப் பெற்ற மறுமொழி ஒன்று, அடைபட்டது என்று எங்களுக்குச் சொல்லப்பட்ட தடம் உண்மையில் எந்தத் தடைக்கும் உட்பட்டதன்று என்று காட்டிற்று.

வழி மறிக்கப்பட்டால் காலம் மிக முக்கியம். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும் என்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை விதிக்கிறது; கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்கள் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்று அவ்வாணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. இதை அறியாமல், கூட்டம் போட்டுப் பேசிப் பேசியே மாதத்தைக் கழித்து உரிமையை இழந்தவர்கள் அநேகர். வெடுக்குநாறியைப் போலவே பிணக்குக்குள்ளான குருந்தூர்மலையில் 2023 ஜூலை 14ஆம் திகதி தடைப்பட்ட பொங்கல், ஆகஸ்ட் 18ஆம் திகதி நீதிமன்ற அனுமதியோடு நிறைவேறியது. வாய்த்தர்க்கத்தில் சக்தியைச் செலவிடாமல் உடனே மன்றுக்குச் சென்றதன் பலன் அது.

நீதிமன்றக் கட்டளை கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடவும் கூடாது. சிவராத்திரி என்பது இரவெல்லாம் கண்விழிக்கும் விரதம். கட்டளையில் நேரம் தெளிவாக எழுதப்படாவிட்டால், சூரியன் அஸ்தமித்ததும் இறங்கிவிடவேண்டும் என்று ஒருவர் வியாக்கியானம் செய்ய இடமுண்டு. 2024இல் நடந்ததன் பின், சட்டத்தரணியிடம் போகும்போது நான் வற்புறுத்துவது இதுவே: எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை, வாகனம் எதுவரை, தண்ணீர்ப் பவுசர் உள்ளே வரலாமா, விளக்கு ஏற்றலாமா என்பவை எல்லாம் எழுத்தில் வரவேண்டும். அவ்வருஷம் பவுசர் மறிக்கப்பட்டுச் சிறுவர்களும் தாகத்தால் தவித்ததை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது. அத்தாட்சிப்படுத்திய பிரதிகளைத் தலைவர் ஒருவரின் பையில் மாத்திரம் வையாமல், ஏறுகிற குழு ஒவ்வொன்றிலும் ஒருவர் கையில் கொடுத்துவையுங்கள்.

இனிப் பாறையைப் பற்றி. கனடாவிலிருந்து வந்த என் மருமகன், அங்கே மண்டபங்களுக்குள் செயற்கைச் சுவர்களில் ஏறிப் பழகியவன். வழுக்காத அடிப்பாகமுள்ள சப்பாத்தும், கையில் பூசும் வெள்ளைத் தூளும் கொண்டுவந்திருந்தான். எங்களுக்கு வழிகாட்டிய முதியவர் அவன் கல்லைப் பார்த்த மாத்திரத்திலே தாவப்போனதைக் கண்டு, “தம்பி, கால் பிடிச்சாப் பிறகுதான் கையை விடவேணும். முதல் இறங்கிற வழியைப் பாரும்” என்றார். பிறகு தம் பெருவிரலைப் பாறையின் ஓரிடத்தில் அழுத்தி இழுத்தார். விரல் நுனியில் கறுப்புப் பசை போன்ற ஒன்று ஒட்டிக்கொண்டது. மழைநீர் வடியும் தாரையில் படிந்த பாசி அது. காய்ந்திருக்கும்போது கல்லின் நிறமாகவே இருந்து ஏமாற்றும், ஈரம் பட்டால் எண்ணெய்போல் வழுக்கும். கறுத்த தாரையை விட்டு விலகிச் சாம்பல் நிறப் பகுதியில் கால் வைக்கவேண்டும் என்ற அந்தப் பாடத்தை என் மருமகன் எந்த மண்டபத்திலும் கற்றிருக்க முடியாது. “மாமா, இந்தத் தூளைப் பூசினால் கல்லிலை வெள்ளையாப் பிடிக்கும், வேண்டாம்” என்று அவனே அதைப் பையில் கட்டி வைத்துவிட்டான்.

அவன் செய்தது சரி. எழுத்து வெட்டப்பட்ட பாறை முகத்தின் அருகே தூளோ, நிறமோ, எண்ணெயோ, கற்பூரச் சுவாலையோ படலாகாது. கல்லைத் துளைத்து ஆணி இறக்கக் கூடாது. சீமெந்து பூசுவது எவர் செய்தாலும் குற்றமே. நம்முடைய கவனக்குறைவு ஒவ்வொன்றும், வழியை மூட விரும்புகிறவனுக்கு நாமே கொடுக்கும் நியாயமாகிவிடும். மலைத்தேனீக்களின் கூடு தொங்கும் பாறைச் சரிவில் புகையும் கூச்சலும் ஆகாது. யானை நடமாடும் காடாகையால், இரவு விழா இல்லாத நாட்களில் பிற்பகல் நாலு மணிக்கு மேல் மேலே இருக்கக் கூடாது.

அமெரிக்காவில் ஏறுகிறவர்கள் 1991இல் அக்செஸ் ஃபண்ட் என்னும் ஸ்தாபனத்தை நிறுவி, பாறையுள்ள நிலங்களை விலைக்கு வாங்கியும் சொந்தக்காரருடன் உடன்படிக்கை எழுதியும் வழிகளைக் காத்துவருகிறார்கள் என்று மருமகன் சொன்னான். இங்கிலாந்தில் 1932 ஏப்ரல் 24ஆம் திகதி கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி நடந்த தொழிலாளர் சிலர் சிறை சென்றார்கள். திறந்த வெளிகளில் நடக்கும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் விரிவாக ஏற்றது. நமக்கு இன்னும் அணித்தான உதாரணம் மதுரை யானைமலை. அதைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் 2010இல் எழுந்தபோது சுற்றியுள்ள கிராமத்தார் எதிர்த்து நின்று மலையைக் காத்தார்கள். அக்கிளர்ச்சியிலிருந்தே பசுமை நடை என்னும் இயக்கம் பிறந்து, சமணர் குகைகளுக்கும் கல்வெட்டுகளுக்கும் சனங்களைக் கூட்டமாக அழைத்துச் செல்கிறது. மலையைச் சொந்தம் கொண்டாடுவதற்கு அதைப் படிப்பதைக் காட்டிலும் உத்தமமான உபாயம் வேறில்லை.

ஆகையால் தொல்பொருள் ஆராய்ச்சியை நான் பகைப்பதில்லை. அது திறந்த முறையில், ஊரவர் முன்னிலையில், கிடைத்ததைக் கிடைத்தபடி மூன்று மொழிகளிலும் வெளியிட்டு நடக்கவேண்டும் என்றே கேட்கிறேன். பௌத்தச் சின்னம் கிடைத்தால் அது நம் முன்னோரின் சரித்திரத்திலும் ஒரு பகுதியாக இருக்கலாம். அதைப் பார்க்கத் தெற்கிலிருந்து வருகிறவருக்கு நாம் தண்ணீர் கொடுத்து வழிகாட்டவேண்டும். ஒரு சாராருக்குத் திறந்து மறு சாராருக்கு அடைப்பதையே நாம் எதிர்க்கிறோம் என்பது அப்போதுதான் சந்தேகமின்றி விளங்கும்.

வெளிநாட்டிலிருந்து ஏறும் ஆவலோடு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வெடுக்குநாறியிலும் குருந்தூரிலும் ஊரவரோடு, ஊரவர் ஏறும் வழியால், வெறுங்காலோடு ஏறுங்கள். உடற்பயிற்சிக்காகத் தாவிப் பழகுவதற்குக் கோயிலும் கல்வெட்டும் இல்லாத உருண்டைப் பாறைகள் வேறு உண்டு. அவற்றைத் தொடுவதற்கு முன்பும் கிராம அலுவலரைக் கண்டு நிலம் யாருடையது என்று கேட்டு, வந்த திகதியையும் பெயர்களையும் ஊர்ச் சங்கத்தின் கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள்.