சிறுவர் சாக்கர் நடுவராவது எப்படி? அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை காலையில் பிள்ளையை சாக்கருக்குக் கூட்டிப்போகிற எல்லோரும் இதைப் பார்த்திருப்போம். கோச் வந்திருப்பார், இரண்டு அணியும் தயாராக நிற்கும், பெற்றோர் மடக்கு நாற்காலிகளை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். நடுவர் மட்டும் வந்திருக்க மாட்டார். அமெரிக்காவில் பல ஊர்களில் சிறுவர் ஆட்டங்களுக்கு நடுவர் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. அந்த இடத்துக்கு நம் வீட்டுப் பிள்ளை போகலாம். அப்பாவோ அம்மாவோகூடப் போகலாம். பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டியதில்லை. ஓட முடிந்து, ஆட்டத்தின்மேல் ஆசை இருந்தால் போதும். பதிவு செய்வதில் தொடங்கி முதல் ஆட்டத்தின் கடைசி விசில் வரை சேர்ந்தே போய்ப் பார்ப்போம்.

என்ன வேலை இது?

தவறு பிடிக்கிற வேலை என்று நினைத்து வருபவர்கள் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள். சிறுவர் ஆட்டத்தில் நம் முதல் பொறுப்பு, எந்தப் பிள்ளையும் அடிபடாமல் வீடு திரும்புவது. அடுத்தது, இரண்டு அணிக்கும் ஒரே அளவுகோல். மூன்றாவது, ஆட்டம் ஓடிக்கொண்டே இருப்பது. எட்டு வயதுப் பிள்ளை பந்தைத் தொட வந்திருக்கிறது. நம் விசிலைக் கேட்க வரவில்லை. களத்தில் என்ன முடிவெடுக்க நேர்ந்தாலும் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

யார் சேரலாம்?

யூ.எஸ். சாக்கர் அமைப்பின் தொடக்கநிலை உரிமத்துக்கு ‘கிராஸ்ரூட்ஸ் ரெஃப்ரீ’ என்று பெயர். 13 வயது ஆகியிருந்தால் சேரலாம். மேல்வரம்பு இல்லை. 45 வயதில் தொடங்கி நன்றாக நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நம் குடும்பங்கள் இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். நடுவர் வேலைக்குக் கிடைப்பது சம்பாத்தியம். எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்குச் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. எச்-1பி விசாவில் இருக்கும் பெற்றோரும் வேறு இடத்தில் பணம் வாங்கக் கூடாது. பத்து முப்பது டாலர்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் சிக்கல் இல்லை. இல்லாதவர்கள் தன்னார்வலர்களை வைத்தே நடக்கும் அமைப்புகளைப் பார்க்கலாம். 1964-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. அப்படிப்பட்டது, அதன் நடுவர்களில் பெரும்பாலோர் பெற்றோர்களே. சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே இறங்குவோம்.

எப்படிப் பதிவது?

முதலில் யூ.எஸ். சாக்கரின் பயிற்சித் தளத்தில் கணக்குத் திறந்து, நம் மாநிலத்தில் வரவிருக்கும் தொடக்கநிலை வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே படிக்கும் பாடங்களும் ஒரு தேர்வும் உண்டு. அதன் பிறகு பெரும்பாலும் மைதானத்தில் ஒரு செய்முறை வகுப்பு. பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய சிறு பாடத்தை எல்லோரும் முடிக்க வேண்டும். 18 வயது ஆனவர்களுக்குக் கூடுதலாக, துன்புறுத்தலைத் தடுப்பதற்கான ‘சேஃப்ஸ்போர்ட்’ பயிற்சியும் பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. சரிபார்ப்பு முடிய நாளாகலாம் என்பதால் பெரியவர்கள் அதை முதலிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

எல்லாம் முடிந்ததும் அந்த ஆண்டுக்குரிய பேட்ஜ் வரும். பிறகு ஊர் கிளப்பின் அசைனரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆட்டங்களுக்கு நடுவர்களைப் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். ‘புதியவன், சின்ன மைதான ஆட்டம் மட்டும் கொடுங்கள், முதல் நாள் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது’ என்று பிள்ளையே எழுதட்டும். பெற்றோர் எழுதும் மின்னஞ்சலைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு?

வகுப்பும் பதிவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெரும்பாலும் 100 டாலருக்குள் முடியும். சட்டை, கால்சட்டை, காலுறை, விசில், கார்டுகள், கொடிகள் சேர்ந்த தொடக்கத் தொகுப்புக்கு 60 முதல் 100 டாலர் வைத்துக்கொள்ளலாம். முதலில் மஞ்சள் சட்டை ஒன்று போதும். கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். நல்ல விசிலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளே உருண்டை இல்லாத விசில் மழையிலும் குளிரிலும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

10 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் தனி நடுவராக நின்றால் சுமார் 25 முதல் 45 டாலர் கிடைக்கும். ஐந்தாறு ஆட்டங்களில் போட்ட பணம் வந்துவிடும். வரவை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். சுயதொழில் நிகர வருமானம் ஆண்டுக்கு 400 டாலரைத் தொட்டால், பிள்ளையாக இருந்தாலும் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

எந்த வயது, என்ன விதி?

சாக்கருக்கு 17 விதிகள். அவற்றை ஐஃபாப் அமைப்பு ஆண்டுதோறும் திருத்துகிறது. கோல்கீப்பர் 8 விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக் என்பது 2025 ஜூலையில் வந்த மாற்றம். ஆனால் நாம் தொடங்கப்போகும் சின்ன மைதானத்துக்குத் தனி ஏற்பாடுகள் உண்டு. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

8 வயதுக்குட்பட்டோர் நாலுக்கு நாலு பேர், 3-ஆம் எண் பந்து. 10 வயதுக்குட்பட்டோர் ஏழுக்கு ஏழு, 4-ஆம் எண் பந்து, 25 நிமிடம் வீதம் இரண்டு பாதி. 12 வயதுக்குட்பட்டோர் ஒன்பதுக்கு ஒன்பது, பாதிக்கு 30 நிமிடம். அதற்கு மேல் பதினொன்றுக்குப் பதினொன்று.

ஏழு பேர் ஆட்டத்தில் மைதானத்தின் இரு பக்கமும் ‘பில்டு-அவுட் லைன்’ என்றொரு கோடு இருக்கும். கோல்கீப்பர் பந்தைக் கையில் எடுத்ததும் எதிரணி அந்தக் கோட்டுக்குப் பின்னால் போக வேண்டும். கீப்பர் பந்தை எறியலாம், உருட்டலாம், தரையில் வைத்து உதைக்கலாம். கையிலிருந்து விட்டு ஓங்கி உதைக்கக் கூடாது. 11 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் அதற்குக் கீழேயும் தலையால் பந்தை அடிக்கக் கூடாது. மூளை அதிர்ச்சிக் காயங்களைப் பற்றிய கவலையால் யூ.எஸ். சாக்கர் 2015-இல் அறிவித்த ஏற்பாடு இது. பிள்ளை வேண்டுமென்றே தலையால் அடித்தால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். பந்து தானாக வந்து தலையில் பட்டால் தவறில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்துவிட்டுத் தொடரலாம்.

லீகுக்கு லீக் சில்லறை வேறுபாடுகள் இருக்கும். லீகின் விதித்தாளை முந்தின இரவே படித்து, ஒரு பிரதியைப் பையில் வைத்துக்கொள்வோம்.

ஆட்டத்துக்கு முந்தைய அரைமணி நேரம்

அரைமணி முன்னதாகவே போய்விட வேண்டும். முதல் வேலை கோல் கம்பம். அதைக் கையால் அசைத்துப் பார்ப்போம். தரையோடு பிணைக்கப்படாத நகர்த்தும் கோல்கள் சாய்ந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். பிணைக்காத கோல் என்றால் மணல்மூட்டையோ நங்கூரமோ வரும்வரை ஆட்டம் தொடங்காது. இதில் சமரசமே கிடையாது. பிறகு வலையில் கிழிசல், தரையில் பள்ளம், தண்ணீர்த் தெளிப்பானின் தலை.

அடுத்தது பிள்ளைகள். வரிசையாக நிற்கச் சொல்லி, கணைக்கால் காப்பு எல்லோருக்கும் இருக்கிறதா, காலுறை அதை மூடியிருக்கிறதா, காலணியின் அடியில் கூர்மையாக எதுவும் உண்டா என்று பார்ப்போம். காதணி, சங்கிலி, வளையல் எல்லாம் கழற்ற வேண்டும். ‘இப்போதுதான் காது குத்தினோம், டேப் ஒட்டிக்கொள்ளட்டுமே’ என்று ஓர் அம்மா கெஞ்சுவார். நம் ஊர்ப் பிள்ளையாக இருந்தால் மணிக்கட்டில் சாமிக் கயிறும் இருக்கும். குனிந்து, பிள்ளையின் கண்மட்டத்துக்கு வந்து, ‘ஆட்டம் முடிகிறவரை அம்மாவிடம் கொடுத்துவைக்கலாமா?’ என்று கேட்டால் பெரும்பாலும் தானே கழற்றிக்கொடுத்துவிடும். மருத்துவ அடையாளப் பட்டையையும் மத நம்பிக்கைக்கான தலைத்துணியையும் கழற்றச் சொல்லக் கூடாது. ஆபத்தில்லாமல் அணிந்திருக்கிறார்களா என்று மட்டும் பார்ப்போம்.

இரண்டு கோச்சுகளிடமும் பெயர் சொல்லிக் கைகொடுப்போம். 13 வயதுப் பிள்ளைக்கு இது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் நிமிர்ந்து நின்று சொல்கிற அந்த ஒரு வாக்கியம் பின்னால் பல வாக்குவாதங்களைத் தவிர்க்கும்.

விசிலும் கையும்

புதியவர்களின் விசில் சன்னமாக ஒலிக்கும். பிள்ளைகள் கேட்காமல் ஓடிக்கொண்டே இருப்பார்கள், பெற்றோர் கேட்டுவிட்டுக் கத்துவார்கள். முன்கூட்டியே பூங்காவில் நின்று பலமாக ஊதிப் பழகுவோம். சாதாரணத் தவறுக்குச் சுருக்கமாக ஒன்று. பெனால்டிக்கு நீளமாக, அழுத்தமாக.

வரிசை இதுதான்: விசில், கை காட்டும் திசை, ஒரு சொல், பிறகு நாம் அடுத்த இடத்துக்கு நகர்வது. இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்றால் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, உதைத்த பந்து இன்னொருவர்மேல் படும்வரை இறக்காமல் வைத்திருக்க வேண்டும். பந்து வெளியே போனது எல்லோருக்கும் தெரிந்தால் விசிலே வேண்டாம். திசை காட்டினால் போதும்.

பந்தோடு கூடவே ஓடுவோம். நடுவட்டத்தில் நின்றுகொண்டு சொல்கிற சரியான முடிவைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள். பத்தடி தூரத்தில் நின்று சொல்வதை ஏற்றுக்கொள்வார்கள்.

மிகச் சின்னப் பிள்ளைகளிடம் கார்டுக்கு வேலையே இருக்காது. த்ரோ-இன்னில் காலைத் தூக்கினால், லீக் அனுமதித்தால், எப்படி எறிவது என்று காட்டி மறுபடி எறியச் சொல்லலாம். ஷூ லேஸ் அவிழ்ந்து ஒரு பிள்ளை நின்றால், ஆட்டம் நிற்கும் நேரம் பார்த்துக் கட்டிவிடுவதும் நம் வேலைதான்.

கவனம்: கோட்டுக்கு வெளியே இருப்பவர்கள்

புதிய நடுவர்கள் பலர் ஓரிரு ஆண்டுகளில் விட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் பெரியவர்களின் கூச்சல். ஒரு குழந்தைக்கு இன்னொரு குழந்தை நடுவராக நிற்கும்போது நாற்பது வயதுக்காரர் ‘ஆஃப்சைடு’ என்று கத்துவது எனக்கு இன்றும் தாங்க முடியாத காட்சி. அதிலும் த்ரோ-இன், கோல் கிக், கார்னர் கிக் ஆகியவற்றிலிருந்து பந்தை நேராக வாங்கினால் ஆஃப்சைடே கிடையாது என்பது கத்துகிறவருக்குத் தெரிந்திருக்காது.

கோச் எல்லை மீறினால் மூன்று படிகள். முதலில் கேட்டுக்கொள்வது, அடுத்து எச்சரிப்பது, மூன்றாவது வெளியேற்றுவது. 2019 முதல் கோச்சுக்கும் மஞ்சள், சிவப்பு கார்டு காட்டலாம். பார்வையாளருக்குக் கார்டு கிடையாது. அவருடன் நாம் பேசவும் வேண்டாம். ஆட்டத்தை நிறுத்தி, சமாளிக்கும்படி கோச்சிடம் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்போம். அடங்கவில்லை என்றால் ஆட்டத்தை முடித்துக்கொள்ளும் அதிகாரம் நமக்கு உண்டு. நடுவர்களைத் திட்டுவோர், தாக்குவோர்மீது யூ.எஸ். சாக்கரின் கடுமையான விதி 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. நடந்ததை எழுத்தில் கொடுத்தால்தான் அது வேலை செய்யும்.

நடுவராக நிற்பது நம் பிள்ளை என்றால், பெற்றோராகிய நாம் கோச்சிடம் சண்டைக்குப் போகக் கூடாது. தண்ணீரோடு எதிர்ப்பக்கத்தில் நிற்போம். பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் உள்ளே போவோம்.

தலையில் அடி, இடி மின்னல்

தலையில் அடிபட்டால் உடனே விசில். ஆட்டம் நிற்கட்டும், கோச் உள்ளே வரட்டும். மயக்கம், வாந்தி, தடுமாற்றம், வெறித்த பார்வை எதையாவது பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு ஆட்டம் இல்லை. ‘நான் ஓகே’ என்று பிள்ளை சொன்னாலும் சரி, இறுதி ஆட்டம் என்று கோச் கெஞ்சினாலும் சரி.

இடி கேட்டாலோ மின்னல் தெரிந்தாலோ எல்லோரும் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போக வேண்டும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் ஆட்டம். நடுவில் இன்னொரு இடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும்

கோல் கணக்கை இரண்டு கோச்சுகளிடமும் சரிபார்த்து, அன்றைக்கே பதிவேற்றுவோம். கார்டு காட்டியிருந்தாலோ பெரிய காயம் நேர்ந்திருந்தாலோ, நினைவு மங்குவதற்குள் அறிக்கை எழுதுவோம். நேரம், சட்டை எண், சொன்ன வார்த்தை, செய்த செயல் போதும். நம் கோபம் அதில் வேண்டாம்.

பதிவு அந்த நாட்காட்டி ஆண்டுக்கு மட்டும்தான். டிசம்பர் 31-க்குள் புதுப்பித்தால் வசந்தகாலப் பருவத்துக்குத் தயார். அதுவரை ஏழு பேர் ஆட்டங்களையே திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவோம். அந்த மைதானத்தில் கால்கள் தானாக ஓடப் பழகிய பிறகு, ஒன்பது பேர் ஆட்டத்தில் கொடி பிடிக்கும் உதவி நடுவர் இடத்தை அசைனரிடம் கேட்கலாம்.