மருந்து நூலில் இருப்பதும் இல்லாததும்



கடந்த சில மாதங்களாக மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் பெற்றோரில் சிலர், மகனின் அலமாரியில் கிடைத்த ஊசிமருந்துக் குப்பியையோ, என்னவென்று தெரியாத மாத்திரை அட்டையையோ கொண்டுவந்து, “இது எதுக்குங்க?” என்று கேட்கிறார்கள். ஒரகடத்திலும் வல்லத்திலும் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இவர்கள். அந்தக் கேள்விக்கு விடை காணும் வழியையே இம்மாதப் பாடமாக எழுதுகிறோம்.

மருந்துகளுக்கு நூல் தொகுப்பது நம் முன்னோருக்குப் பழகிய வேலை. 1248இல் திமிஷ்கில் வஃபாத்தான இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1,400 மருந்து, உணவுப் பொருட்களை அகரவரிசைப்படுத்தி எழுதினார். அவருக்கு முன்னரே அல்பீரூனி தம் மருந்தியல் நூலில் ஒரே பொருளுக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்களைச் சேர்த்துக் கொடுத்தார். இந்திய மொழிப் பெயர்களும் அதில் உண்டு. ஊருக்கு ஒரு பெயர் இருந்தால் ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்பது எளிதாகிவிடும் அல்லவா?

இன்றைக்கும் சிக்கல் பெயரில்தான் தொடங்குகிறது. அட்டையில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் கம்பெனி வைத்த பெயர். நூலில் தேட வேண்டியது அதனுடன் அச்சிட்டிருக்கும் மருந்தின் சொந்தப் பெயரை, அதாவது ஜெனரிக் பெயரை. நம் நாட்டில் 1955இல் முதற்பதிப்பு கண்ட இந்தியன் ஃபார்மகோப்பியா, மருந்தின் தரத்தையும் தூய்மையையும் சொல்வது. 1960இல் முதலில் வந்த நேஷனல் ஃபார்முலரி, மருந்தை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்வது. எந்த நோய்க்கு, எவ்வளவு, யாருக்குக் கூடாது, என்ன பக்கவிளைவு என்பவை அதில் இருக்கும். பாமரர் அதை வாங்கி வைத்துத் தாமே வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை. ஜெனரிக் பெயரைக் காட்டி, படித்த மருந்தாளுநர் ஒருவரிடம் இந்த நான்கு கேள்விகளையும் கேட்டால் போதும்.

எங்களிடம் வந்த குப்பிகளில் அதிகம் கண்ட பெயர் மெஃபென்டர்மைன். முதுகுத் தண்டில் ஊசி போட்டு மரக்கச் செய்து அறுவை சிகிச்சை நடக்கும்போது இரத்த அழுத்தம் திடீரென இறங்கினால், அதை ஏற்றுவதற்காக மயக்க மருத்துவர் கொடுக்கும் மருந்து இது. சிசேரியன் ஆன நம் பெண்களில் சிலருக்கும் இது உயிர்காத்திருக்கலாம். உடலில் நார்அட்ரினலினைத் தூண்டிவிடுவதால் இதயம் வேகமாக அடிக்கும், களைப்புத் தெரியாது. அழுத்தம் இறங்காத ஆரோக்கியமான வாலிபர் இதைப் போட்டுக்கொண்டு கூடுதல் எடை தூக்குவதும், இரவு ஷிஃப்டைத் தாண்டுவதும் இதனால்தான். மருந்து சதையை வளர்ப்பதில்லை, களைப்பை மறைக்கிறது, அவ்வளவே. நாளாக நாளாக அளவு கூடும், தூக்கம் போகும், இல்லாத சந்தேகங்களும் பயங்களும் வரும், இதயத் தசை பழுதாகும். 24 வயதுப் பிள்ளை ஒருவர் நெஞ்சுப் படபடப்போடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மூன்று நாள் வரை ஊசி விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா துணி துவைக்கும்போது பேண்ட் பாக்கெட்டில் குப்பியைக் கண்டெடுத்த பிறகே டாக்டருக்குத் தெரிந்தது.

நான்ட்ரோலோனும் அப்படியே. இரத்தசோகை, எலும்புத் தேய்மானம் போன்றவற்றுக்காக நூல்களில் இடம்பெற்ற ஸ்டீராய்டு இது. திருச்சி மாவட்டத்து ஏழைக் குடும்பத்திலிருந்து வந்து, 2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளத்தில் 800 மீட்டரில் தங்கம் வென்ற கோமதி மாரிமுத்துவை நாம் எல்லோரும் கொண்டாடினோம். அவருடைய சிறுநீரில் இந்த ஸ்டீராய்டின் தடயம் இருந்ததாக முடிவு வந்து, பதக்கமும் போய், நான்கு ஆண்டுத் தடையும் விழுந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றே அவர் சொன்னார். ஆனால், உடலுக்குள் போனதற்கு விளையாட்டு வீரரே பொறுப்பு என்பது அங்கே சட்டம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பி ஓடும் நம் பிள்ளைகள் இதை மனதில் வைக்கவும்.

விளையாட்டில் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலை வாடா என்னும் உலக அமைப்பு வெளியிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1இல் புதுப் பட்டியல் நடப்புக்கு வரும். வலிக்குக் கொடுக்கும் டிரமடால் 2024 முதல் போட்டி நேரத்தில் தடை. இன்சுலினும் அந்தப் பட்டியலில் உண்டு. அதற்காகச் சர்க்கரை நோயுள்ள பிள்ளை இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவச் சான்றுகளோடு விண்ணப்பித்து முன்கூட்டியே விலக்கு அனுமதி பெற வேண்டும்.

இனி, நூலில் இல்லாதவை. ஆஸ்டரின், ஆர்ஏடி-140 என்ற பெயர்களில் சதை வளர்க்கும் கேப்சூலும் சொட்டு மருந்தும் கைமாறுகின்றன. மருந்தாக எந்த அரசும் இவற்றுக்கு அனுமதி கொடுக்கவில்லை. ஆகவே அளவும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்றால், அதுவே பதில். புரோட்டீன் டப்பாவில் இருக்கும் உணவு உரிம எண்ணைக் காட்டி “கவர்ன்மென்ட் அப்ரூவ்டு” என்பவர்களையும் நம்ப வேண்டாம். அது உணவு விற்பதற்கான உரிமம்.

புதிய மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, அனுமதி கிடைத்து நான்கு ஆண்டுகள் வரை ஒரு மருந்து ‘புதிய மருந்து’ என்றே கருதப்படும். எடை குறைக்கும் டிர்செபடைடு ஊசி 2025 மார்ச்சில்தான் நம் நாட்டுக்கு வந்தது. நிக்காஹ்வுக்கு முன் மெலிய வேண்டும் என்று டாக்டரிடம் போகாமல் இதை விசாரிப்பவர்களைப் பார்க்கிறோம். வேண்டாம்.

நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத். நோயில்லாத உடலில், அல்லாஹ் தந்த அமானிதத்தில், மருந்தை ஏற்றி அதைக் கெடுப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்று ஜும்ஆவில் இமாம்கள் சொல்லத் தயங்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டில் இப்படி எதையாவது கண்டால் பிள்ளையை அடித்து விரட்டிவிடாதீர்கள். குப்பியையும் அட்டையையும் குப்பையில் போடாமல் பத்திரப்படுத்துங்கள். நெஞ்சுவலி, மயக்கம், பிதற்றல் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடும் நிலை வந்தால், பக்கத்து வீட்டார் காதில் விழுமே என்று பார்க்காமல், என்ன ஊசி, எப்போது, எத்தனை முறை என்பதை டியூட்டி டாக்டரிடம் முதலிலேயே சொல்லி, அந்தக் குப்பியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.