செய்யாமையும் சட்டமும்

குளத்தில் ஒருவன் மூழ்குகிறான். அயலான் ஒருவன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அறம் அவனைப் பழிக்கும். சட்டமோ பெரும்பாலும் அவனைத் தண்டிப்பதில்லை. மூழ்குவது அவன் பெற்ற குழந்தையாயின் நிலை வேறு. காக்கும் கடமை தந்தைக்கு உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 'செயல்' என்னும் சொல் சட்டத்துக்குப் புறம்பான செயலாமையையும் குறிக்கும் என்றது. ஆகவே, கடமை இருந்ததா என்பதே முதல் வினா.

அக்கடமை ஊர் வழக்கத்திலிருந்தும் பிறக்கலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் கண்மாயில் தேக்கினால்தான் நெல் விளையும். மேலைக் கண்மாயின் மறுகால் நீரே கீழைக் கண்மாய்க்கு வரத்து. மேலே ஒரு கரை உடைந்தால் கீழுள்ள கரைகளுக்கும் ஆபத்து. எனவே மழைக்கு முன் வரத்துக்கால் தூர்வாரவும் கரைக்கு மண்ணிடவும் ஊரார் கூடினர். இதுவே குடிமராமத்து.

இவ்வழக்கத்துக்குச் சென்னை மாகாணத்தின் 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம் வலுவூட்டியது. வழக்கத்தால் கட்டுப்பட்டவர் தக்க காரணமின்றி வேலைக்கு வராவிடின், தாம் தரவேண்டிய உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்த வேண்டும். 'தக்க காரணமின்றி' என்னும் சொற்கள் இங்கு முதன்மையானவை. நோயில் கிடந்தவரையும் வீட்டில் சோம்பிக் கிடந்தவரையும் அவை பிரித்துவிடுகின்றன.

குடிகளின் கடமை இது. ஜமீன்தாரின் கடமை யாது? கார்வேட்டிநகர ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து இருப்புப்பாதையைச் சேதப்படுத்தின. சென்னை இரயில்வே நிறுவனம் இழப்பீடு கேட்டது. தன் நலத்துக்காக நிலத்தில் நீர் தேக்கியவர், அது வெளியேறி விளைக்கும் கேட்டுக்குக் கவனக்குறைவு இல்லாவிடினும் பொறுப்பாவார் என்று 1868இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருந்தது. 1874இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அவ்விதியை இங்குப் பொருத்த மறுத்தது. தொன்மையான ஏரிகளைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை. அவற்றை அழிக்க அவருக்கு உரிமையில்லை. ஆதலால் கரை உடைந்ததாலேயே அவர் பொறுப்பாளி ஆகார். பேணுவதில் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட வேண்டும். நிறுவனம் தோற்றது.

இத்தீர்ப்பை ஜமீன்தாருக்குக் கிடைத்த சலுகை என்று மட்டும் படிப்பது பிழை. கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் அவர் தப்பியிருக்க முடியாது. ஜமீன்கள் ஒழிந்தபின் பெரிய கண்மாய்கள் பொதுப்பணித் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் வந்தன. சீமைக்கருவேலம் மண்டிய வரத்துக்காலின் கரை இன்று உடைந்தாலும் கேள்விகள் அவையே: பார்வையிட வேண்டியவர் யார்? பழுது அவருக்குத் தெரிந்திருந்ததா? மழைக்கு முன் சரிசெய்ய அவகாசம் இருந்ததா?