குழந்தையின் மௌனமும் பெரியோர் கடமையும்

முன்னுரை

புறநானூற்றின் 46-ஆம் பாடல் எழுந்த சூழலைத் தமிழ் மாணவர் நன்கறிவர். சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் மக்களை யானைக்கு இட முனைந்தான். தமக்கு நேரவிருப்பது இன்னதென அச்சிறுவர்களுக்குத் தெரியாது. யானையைக் கண்டதும் அவர்கள் அழுகை நின்றுவிட்டது. ஆயினும் புதியவர் நிறைந்த அவையைக் கண்டு மிரண்டு நின்றனர். அந்த மிரட்சியைக் கோவூர் கிழார் கண்டார். அரசன் முன் துணிந்து பேசினார். சிறுவர்கள் உயிர் பிழைத்தனர். கொடுமைக்கு ஆளாகும் குழந்தைக்கு இன்றும் வேண்டுவது, தன் முகக்குறிப்பை உணர்ந்து தனக்காகப் பேசும் ஒரு பெரியவரே. அத்தகைய பெரியவராக நாம் விளங்குவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேலம் கற்றுத்தந்த பாடம்

அஸ்தம்பட்டியில் வாழும் நமக்கு இச்சிக்கல் புதியதன்று. பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் பொருட்டுத் தமிழக அரசு 1992-ஆம் ஆண்டு தொட்டில் குழந்தைத் திட்டத்தை நம் சேலத்திலேதான் தொடங்கிற்று. 2001-இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிந்தது. பெற்ற வீடே ஒரு குழந்தைக்குப் பாதுகாப்பற்ற இடமாகலாம் என்னும் கசப்பான உண்மையை ஊரறிய ஒப்புக்கொண்ட திட்டம் அது. பிறந்த சிசுவுக்குத் தொட்டில் கிடைத்தது. பிழைத்து வளர்ந்து, வீட்டிலும் பள்ளியிலும் துன்புறும் குழந்தைக்கு யாது கிடைத்தது? இவ்வினா இன்றும் நம்முன் நிற்கின்றது.

கொடுமையின் வகைகள்

குழந்தைக் கொடுமையை அறிஞர் நால்வகையாகப் பகுப்பர். அவை உடலை வருத்துதல், மனத்தைப் புண்படுத்துதல், பாலியல் கொடுமை, புறக்கணிப்பு என்பனவாம். உணவும் மருத்துவமும் கல்வியும் தராது விடுதல் புறக்கணிப்பில் அடங்கும்.

மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்த ஆய்வு அது. மூவரில் இருவர் உடற்கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்திருந்தனர். அவர்களுள் ஆண் குழந்தைகள் பாதிக்கும் சற்று மிகுதி. ஆண்பிள்ளைக்கு அச்சமில்லை என்று எண்ணுவோர் இதனைக் கருதுதல் வேண்டும். அப்பதின்மூன்று மாநிலங்களுள் தமிழ்நாடு இடம்பெறவில்லை. அதனால் நம் வீடுகள் விலக்குப் பெற்றவை என்று ஆறுதல் கொள்வதற்கில்லை.

காரணங்கள்

கொடுமை புரிவோருள் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர் அல்லது அதன் நம்பிக்கைக்கு உரியவர் என அவ்வாய்வு கூறிற்று. எனவே முதற்காரணம், பெரியவரின் அதிகாரமும் குழந்தையின் சார்பு நிலையுமே. 'பெரியவர் சொன்னால் மறுக்காதே' என்று மட்டும் கற்பித்து, 'தவறானதை மறுக்கலாம்' என்று கற்பிக்காத வளர்ப்புமுறை இதற்குத் துணைசெய்கின்றது.

குடிப்பழக்கம், கடன், குடும்பப் பூசல், பெற்றோர் தம் இளமையில் பட்ட அடி ஆகியனவும் காரணங்களாம். விசைத்தறிக்கும் கொலுசுப் பட்டறைக்கும் இரவு பகலாகச் செல்லும் பெற்றோர், பிள்ளையைப் பிறர் பொறுப்பில் விட நேர்கின்றது. எனினும் வறுமையின்மீது முழுப் பழியையும் சுமத்துதல் பிழை. வசதி மிக்க மாடிவீடுகளிலும் இக்கொடுமை நிகழ்கின்றது. இவையனைத்திற்கும் காவலாக நிற்பது 'குடும்ப மானம்' என்னும் பெயரில் நாம் காக்கும் மௌனம்.

எச்சரிக்கை அறிகுறிகள்

குழந்தை வாயால் சொல்வதற்கு முன்னரே நடத்தையால் சொல்லிவிடுகின்றது. நின்றுபோன படுக்கை நனைத்தல் மீளத் தொடங்குதல், கனவில் அலறுதல், குறிப்பிட்ட ஒருவரையோ இடத்தையோ கண்டு அஞ்சுதல், படிப்பில் திடீர்ச் சரிவு, தோழரை விட்டு ஒதுங்குதல், கை ஓங்கினாலே பதறுதல் ஆகியன கருதத்தக்கவை. சொல்லும் காரணத்தோடு பொருந்தாத காயம், நடக்கவும் உட்காரவும் படும் துன்பம், அடிக்கடி வரும் வயிற்றுவலி, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு, வந்த வழி தெரியாத பணம் அல்லது பரிசு என்பனவும் அத்தகையனவே. இவற்றுள் ஒன்று கண்டவுடன் முடிவுகட்டலாகாது. வேறு காரணமும் இருத்தல் கூடும். ஆனால் திடீர் மாற்றம் எதுவாயினும் அன்போடு வினவத்தக்கது.

நீங்கா வடுக்கள்

அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா முதலியோர் 9,508 பேரிடம் நடத்திய ஆய்வு 1998-இல் வெளிவந்தது. இளமைத் துன்பங்களுள் நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்க்குக் குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு, அத்துன்பம் படாதவரைவிட நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு மிகுந்திருந்தது. இதயநோய் போன்ற உடல் நோய்களோடும் அதற்குத் தொடர்பு காணப்பட்டது. ஆயினும் இது மாற்றவியலாத தலையெழுத்தன்று. நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவரின் துணையும் காலத்தில் கிடைக்கும் மனநலச் சிகிச்சையும் வடுவின் வலியைப் பெரிதும் ஆற்ற வல்லன.

நாம் செய்யத்தக்கவை

குழந்தை பேசத் தொடங்கினால் முழுதும் கேட்க வேண்டும். 'முன்னமே ஏன் சொல்லவில்லை?' என்று கேட்டல் ஆகாது. 'உன்னை நம்புகிறோம், உன்மீது தவறில்லை' என்னும் இரு சொற்றொடர்களே முதல் மருந்து. எவரிடமும் சொல்வதில்லை என்று வாக்களித்தலும் கூடாது.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. இத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைத்தல் தண்டனைக்குரியது. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்க்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயே, சீருடையின்றி வந்து பதிவுசெய்ய வழியுண்டு. குழந்தையின் பெயரை ஊடகம் வெளியிடலாகாது. 1098 என்னும் எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். நிலத் தகராற்றையும் குடும்பப் பிணக்கையும் ஊர்ப் பஞ்சாயத்தோ ஜமாஅத்தோ பேசித் தீர்த்துவைத்தல் நன்றே. குழந்தைமீது நிகழ்ந்த பாலியல் குற்றம் அவ்வாறு சமரசம் பேசித் தீர்க்கத்தக்கதன்று. அச்சமரசத்தில் குற்றவாளியின் மானம் காக்கப்படும், குழந்தை கைவிடப்படும்.

முடிவுரை

மாணவ நண்பர்களுள் பலர் நாளை ஆசிரியராவர்; பலர் பெற்றோராவர். கோவூர் கிழாரின் எதிரே முடியும் படையும் உடைய வேந்தன் இருந்தான், அவர் அஞ்சவில்லை. நம் எதிரே இருப்பது பெரும்பாலும் ஓர் உறவினரின் கோபமும் அண்டைவீட்டாரின் பேச்சுமே. அவற்றுக்கு அஞ்சி ஒரு குழந்தையின் மிரட்சியைக் காணாதவர்போல் கடந்து செல்லாதிருப்போமாக.