கணித ஆசிரியருக்கு ஒரு பென்ட்ரைவ்

கணினி படித்துவிட்டு உடையார்கட்டில் வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. எழுத்துக்கோப்பு மென்பொருளை, கணினி அதிகம் தெரியாதவரும் தானே நிறுவிக்கொள்ளும்படி பொதிசெய்து கொடுங்கள்.

கணித ஆசிரியர்களைப் பாருங்கள். வினாத்தாளைப் பாமினி எழுத்துருவில் அடித்து, பின்னங்களையும் வர்க்கமூலங்களையும் ஒவ்வொன்றாகச் செருகுகிறார்கள். போட்டோக்கொப்பிக் கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தாகச் சிதறும். டொனால்ட் கனூத் 1978இல் தந்த எழுத்துக்கோப்பு மென்பொருளான டெக், கணிதத்தை அழகாக அச்சிடவே பிறந்தது. 2004இல் ஜொனதன் கியூ வெளியிட்ட ஸீடெக்கில் ஒருங்குறித் தமிழும் நேராக ஓடும். இரண்டும் இலவசம். ஆனால் நிறுவும்போதே மனிதர் களைத்துவிடுவார். இவற்றைப் பொதிகளோடு சேர்த்துத் தரும் டெக் லைவின் முழுத்தொகுப்பு பல ஜிகாபைட். அதேபோன்ற மிக்டெக் சிறியது, ஆனால் இல்லாத பொதியை வேலைக்கு நடுவில் இணையத்தில் தேடும். போன் டேட்டாவை நம்பியிருப்பவர் அந்த இடத்திலேயே விட்டுவிடுவார்.

ஆகவே தெரிவுகளை நீங்களே செய்துவிடுங்கள். டெக் லைவில் சிறிய தொகுப்பு, அதோடு ஸீடெக், கணிதப் பொதிகள் போதும். விளக்க ஆவணங்களை விட்டாலே பருமன் வெகுவாகக் குறையும். பென்ட்ரைவிலிருந்தே ஓடும்படியும் அமைக்கலாம். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை அதன் உரிமக் கோப்போடு சேருங்கள். பாமினியில் பழகிய விரல்களுக்கு அதே விசையமைப்பில் ஒருங்குறி அடிக்கும் விசைப்பலகையும் வேண்டும். கீமேன் இயக்கியையும் தமிழ் விசைப்பலகையையும் ஒரே நிறுவியில் தந்த இ-கலப்பை இதற்கு நல்ல முன்னோடி.

மாதிரி வினாத்தாள் ஒன்றும் கட்டாயம். டெக் கோப்பை எழுதும் டெக்வொர்க்ஸ் திருத்தி வழக்கமாகப் பீடிஎஃப்லாடெக் என்ற நிரலை இயக்கும்; தமிழ்க் கோப்பு அதில் இடறும். ஸீடெக்கைப் பயன்படுத்தும் ஸீலாடெக்கில்தான் ஓடவேண்டும் என்று மாதிரியின் முதல் வரியிலேயே குறித்துவிட்டால், ஆசிரியர் பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும்.

எல்லாவற்றையும் நிறுவி உருவாக்கும் இன்னோ செட்டப்பில் ஒரே கோப்பாக்குங்கள். நிர்வாகிக் கடவுச்சொல் கேட்காதபடி அமையுங்கள். பாடசாலைக் கணினியில் அதைத் தேடி அலைய முடியாது. வெளியீட்டாளர் யாரென்று தெரியவில்லை என்று விண்டோஸ் எச்சரிக்கும். அந்தத் திரையின் படத்தை ஒற்றைத் தாள் வழிகாட்டியில் போட்டு, என்ன செய்வதென்று எழுதுங்கள்.

சோதனையை உங்கள் கணினியில் செய்யாதீர்கள். அதில் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். இணையம் இல்லாத பழைய கணினியின் முன் ஆசிரியரை இருத்தி, வாய் திறக்காமல் பின்னால் நில்லுங்கள். அவர் எங்கே தயங்கி உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அங்கேதான் திருத்தம் தேவை.

மென்பொருள் இலவசமானாலும், பொதிசெய்த உழைப்புக்கும் பயிற்சிக்கும் தாராளமாகக் கட்டணம் கேட்கலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக்கூடாது. அடுத்த தவணைப் பரீட்சைக்கு முன் ஓர் ஆசிரியரிடம் பழைய வினாத்தாளை வாங்கி, அதையே முதல் மாதிரியாக்கித் தொடங்குங்கள்.