தட்டைச் சாய்த்துப் படம் எடு

நாமக்கல்

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய சோதனைத் தட்டுப் படங்களையும், அவற்றைப் படித்து உன் மென்பொருள் சொன்ன விடைகளையும் பார்த்தேன். தட்டின் குழிகளில் 95 சதவீதத்தைச் சரியாகப் படிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் அந்தக் கணக்கை நம்பி இறங்காதே, கண்ணு.

முட்டைப் பண்ணைகளிலிருந்து எங்கள் லேபுக்குக் கோழிகளின் சீரம் வருவது, வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய்க்குப் போட்ட தடுப்பூசி பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான். தட்டில் ஒரு வரிசைக்கு 12 குழி. குழிக்குக் குழி சீரம் பாதியாக நீர்த்துக்கொண்டே போகும். அதோடு வைரஸும் ரத்தச் சிவப்பணுக்களும் சேர்ப்போம். சீரத்தில் எதிர்ப்புப் பொருள் போதுமான அளவு இருக்கும்வரை வைரஸ் அடங்கிக் கிடக்கும், சிவப்பணுக்கள் அடியில் பட்டனாக உட்காரும். அது குறைந்ததும் வைரஸ் அணுக்களைப் பிணைத்து அடி முழுக்கப் பரப்பிவிடும். பட்டன் எந்தக் குழியோடு முடிகிறதோ அந்தக் குழியின் நீர்ப்பு அளவுதான் டைட்டர். இரு கோடியிலும் இருக்கிற குழிகளை எங்கள் வாட்ச்மேன்கூடச் சரியாகச் சொல்லிவிடுவார். நீ தவறவிட்ட 5 சதவீதம் பெரும்பாலும் எல்லைக் குழிகளாகத்தான் இருக்கும். ஒரு குழி தள்ளிப் படித்தால் டைட்டர் இரட்டிப்பாகும், இல்லை பாதியாகும். ஒரு குழி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்வோம். அதற்கு மேல் போனால் பண்ணைக்காரர் வேண்டாத ஊசிக்குச் செலவு செய்வார், அல்லது வேண்டிய ஊசியைப் போடாமல் விடுவார். அதனால் வரிசைக் கணக்கில் மதிப்பெண் போடு.

அதைவிடப் பெரிய விஷயம், தட்டை மேஜையில் வைத்து மேலிருந்து படம் எடுத்திருக்கிறாய். நாங்கள் சாய்த்துப் பிடித்துத்தான் படிப்போம். நிஜமான பட்டன் கண்ணீர்த்துளி போல வழியும். வைரஸ் சேர்க்காத கன்ட்ரோல் குழி எந்த வேகத்தில் வழிகிறதோ அதே வேகத்தில் வழிந்தால்தான் கணக்கில் சேரும். அரைகுறையாக ஒட்டிய குழி பட்டன் மாதிரியே உட்கார்ந்திருந்து, சாய்த்ததும் நகராமல் மாட்டிக்கொள்ளும். அசையாத படத்தில் இது எப்படித் தெரியும்? வீடியோ எடு. ஒவ்வொரு தட்டையும் அதன் சொந்தக் கன்ட்ரோலோடு ஒப்பிடச் சொல். ரத்தம் எத்தனை நாள் பழசு, அறைச் சூடு என்ன என்பதைப் பொறுத்து வேகம் மாறும். ஒரே அளவுகோலை நிரந்தரமாக வைத்தால் மே மாதம் வந்ததும் கவிழ்ந்துவிடும்.

நடுவில் ஒரு குழி மட்டும் வரிசையோடு ஒத்துப்போகாமல் நின்றால் அதை மென்பொருள் தானாகத் திருத்தக் கூடாது. அநேகமாக அது பிப்பெட் பிடித்த கையின் கோளாறு. திருத்திவிட்டால் சோதனையைத் திரும்பப் போட யாருக்கும் தோன்றாது. பயிற்சிக்குக் கொடுத்த தட்டிலிருந்தே பரீட்சைக்கும் குழி எடுக்காதே, தட்டு தட்டாகப் பிரி.

1941இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் இன்ஃபுளுவென்சா வைரஸ் ஏற்றிய கோழிக்கருவில் ரத்த அணுக்கள் திரள்வதைக் கண்டதிலிருந்து இந்த மாதிரிச் சோதனையைப் படிக்கக் கண்தான் கருவி. அதனால்தான் மலிவாக நடக்கிறது. நீ செய்வதும் சாதாரண செல்போனில் ஓட வேண்டும், விலையுயர்ந்த கேமரா கேட்காதே.

வரும்போது ஒரே கோணத்தில் தட்டு நிற்கிற மாதிரி மர ஸ்டாண்ட் ஒன்று செய்து கொண்டு வா. நானும் லேப் டெக்னீஷியனும் வேறு வேறாகப் படித்த தட்டுகளை வீடியோ எடுத்து, இருவர் டைட்டரையும் நோட்டில் தனித்தனிப் பத்தியில் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் அவற்றை ஓட்டிப் பார்ப்போம்.

உன் மாமா