துயரை மறைக்காத திருமொழி

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அடியோம் கற்றது வணிகவியல். ஓய்வு பெறும் வரை செய்தது வங்கிப் பணி. ஆசார்யர்களிடம் முறையாகக் காலக்ஷேபம் கேட்ட பெரியோர்கள் எழுதவேண்டிய விஷயம் இது. ஆயினும், சிறு பிராயம் முதல் சேவித்துவந்த பத்துப் பாசுரங்கள் ஒரு துன்பக் காலத்தில் அடியோங்களுக்குச் செய்த உபகாரத்தைச் சொல்லாதிருப்பது செய்ந்நன்றி மறப்பதாகும். அப்பாசுரங்கள் பெருமாள் திருமொழியில் ஐந்தாம் திருமொழி.

திருமொழியின் நிலை

குலசேகரப் பெருமாள் அருளிச்செய்த பெருமாள் திருமொழி 105 பாசுரங்கள் கொண்டது. நாலாம் திருமொழியில் ஆழ்வார் திருவேங்கடமலையை நினைத்து, அங்கே பறவையாகவோ மீனாகவோ வாசற்படியாகவோ, ஏதேனும் ஒன்றாகவோ ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டார். அடுத்த ஐந்தாம் திருமொழியில் மலைநாட்டுத் திருப்பதியான திருவிற்றுவக்கோட்டு எம்பெருமானை நோக்கி, உன்னையன்றி எனக்குப் புகல் இல்லை என்கிறார். இந்நிலையையே நம் பூர்வர்கள் அநந்யகதித்வம் என்று பேசுவர்.

புகல் இல்லை என்பதை ஆழ்வார் சொல்லும் முறைதான் கவனிக்கத்தக்கது. பாட்டுக்கு ஓர் உவமையாக அடுக்கிக்கொண்டு போகிறார். பெற்றவள் கோபித்து விலக்கினாலும் அவளையே தேடி அழும் குழந்தை. கொண்டவன் இகழ்ந்தாலும் அவனையன்றி அறியாத குலமகள். அரசன் கொடுமை செய்தாலும் அவன் ஆணையை எதிர்பார்த்து வாழும் குடிமக்கள். கடல் நடுவில் கரை காணாமல் மீண்டும் கப்பலின் பாய்மரத்துக்கே திரும்பும் பறவை. இவற்றில் அன்னையை எப்போதும் இனியவளாகவும் அரசனை எப்போதும் நல்லவனாகவும் காட்டியிருக்கலாம். ஆழ்வார் அப்படிச் செய்யவில்லை. நம்பியிருப்பவனுக்கு வலிக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு மேலே நம்பிக்கையைப் பேசுகிறார்.

பயிரும் மேகமும்

நாமக்கல் மலையின் மேற்குப் புறத்தில் நரசிம்மரும் நாமகிரித் தாயாரும், கிழக்குப் புறத்தில் கார்க்கோடகன்மேல் பள்ளிகொண்ட அரங்கநாதரும் ஸேவை ஸாதிக்கிறார்கள். இவ்வூர் 108 திவ்யதேசங்களில் சேர்ந்ததன்று. இதற்கென்று ஆழ்வார் பாசுரம் இல்லை. ஆனால் குலசேகரப் பெருமாள் தம்மைக் கொல்லிக்குத் தலைவராகவும் சொல்லிக்கொள்வர். அப்பெயர் செவியில் விழும்போதெல்லாம் சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே எழுந்து நிற்கும் கொல்லிமலைதான் அடியோங்கள் கண்முன் வரும். ஏழாம் பாட்டும் இந்தச் சமவெளியைப் பார்த்துப் பாடியதுபோலவே தோன்றும்.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தது. அப்போது அடியோம் அம்மலையடிவாரத்தை அடுத்த ஒரு கிளையில் பணியில் இருந்தோம். பயிர்க்கடனுக்குத் தவணை கேட்டு வந்த ஒரு முதியவரின் மானாவாரிக் காட்டைப் பார்வையிடச் சென்றோம். சோளம் முழங்கால் உயரத்தில் காய்ந்து நின்றது. இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். அவர் சொன்னது: "வெதைச்சவன் மேல பாக்காம வேற எங்கீங்க சாமி பாக்கறது?"

வானம் எவ்வளவு காலம் மழை தராவிட்டாலும் பயிர் கருமேகத்தையே எதிர்நோக்கியிருக்கும். அதுபோல, நீ என் துன்பத்தைப் போக்காவிட்டாலும் என் நெஞ்சம் உன்னிடத்திலேயே இருக்கும் என்பது அந்த ஏழாம் பாட்டின் கருத்து. மழை பின்னர்ப் பெய்தது என்று ஆழ்வார் சொல்லவில்லை. அன்று அந்தக் காட்டில் நின்றபோது இது பாட்டின் குறையன்று, பாட்டின் உயிரே இதுதான் என்று தோன்றிற்று. பெய்யும் மேகத்தைப் பயிர் பார்ப்பதில் என்ன அதிசயம்?

மருத்துவனும் நோயாளியும்

பாட்டின் கருத்து புரிந்தது என்றுதான் நினைத்திருந்தோம். பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டில் அடியோங்கள் தர்மபத்நிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. பின்னர் ஆறு வாரங்கள் கதிர்வீச்சுக்காக நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் போய்வந்தோம். உறவினர் யாவரும், எல்லாம் சரியாகிவிடும், பெருமாள் பார்த்துக்கொள்வார் என்றார்கள். அடியோமும் இத்தனை ஆவ்ருத்தி ஸஹஸ்ரநாமம் என்று ஸங்கல்பம் செய்துகொண்டு, நாள்தோறும் குறிப்பேட்டில் எண்ணிக்கை எழுதிவந்தோம். வங்கியில் கழிந்த வாழ்க்கையின் பழக்கம் அது. சேவித்தது வைப்புத்தொகை, ஆரோக்யம் அதன் முதிர்வுத்தொகை என்று மனம் உள்ளூரக் கணக்கிட்டிருந்தது.

ஒருநாள் சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில், தோல் வெந்த எரிச்சலோடு அவள் சொன்னாள்: "ஏன்னா, நன்னாயிடும் நன்னாயிடும்னு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. வைத்யனைப் பத்தி ஆழ்வார் சொல்லுவாரே, அதைச் சேவியுங்கோ."

அது நாலாம் பாட்டு. மருத்துவன் உடலைக் கீறிச் சுட்டாலும் நோயாளி அவனிடத்தில் வைத்த அன்பு மாறுவதில்லை. அவ்வாறே, தீராத துயரை நீ தந்தாலும் உன் அருளையே எதிர்பார்த்திருப்பேன் என்பது அதன் பொருள். துயரம் விதியால் வந்தது என்றோ பிறரால் வந்தது என்றோ ஆழ்வார் ஒதுக்கவில்லை. நீ தந்தாலும் என்று எம்பெருமான் முகத்துக்கு நேரே சொல்லுகிறார். கத்தியும் சூடும் பட்டவளுக்கு அந்தப் பாட்டில் ஒரு சொல்லும் பொய்யாகத் தோன்றவில்லை. அன்று முதல் இரவுதோறும் அவள் கேட்டது இந்தப் பத்துப் பாட்டுகளையே. அடியோம் குறிப்பேட்டில் எண்ணிக்கை எழுதுவதை நிறுத்திவிட்டோம்.

நோய் திரும்பியது. பதினான்கு மாதங்கள் கழித்து அவள் ஆசார்யன் திருவடியை அடைந்தாள். அதன்பின் சில வாரங்கள் அடியோங்களுக்கு எந்தப் பாசுரமும் வாயில் வரவில்லை. ஸ்தோத்ரங்களைத் தொடங்கினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். முதலில் திரும்பி வந்தது இந்தத் திருமொழிதான். துக்கத்தை வெளியே விட்டுவிட்டு உள்ளே வா என்று இது சொல்லவில்லை, துக்கத்தோடேயே வரவிட்டது.

இப்படிப் பேசலாமோ?

எம்பெருமானை நோக்கி இவ்வாறு குறை சொல்வது அபசாரமாகாதோ என்று சிலர் ஐயுறலாம். நம் பூர்வாசார்யர்கள் இத்தகைய பாசுரங்களின் வலியை மழுப்பவில்லை. திருவாய்மொழியில் ஆறாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியை நாயகியின் ப்ரணயரோஷமாகவே கொண்டார்கள். அதே பத்தின் முடிவில் நம்மாழ்வார் திருவேங்கடமுடையான் திருவடிகளில் சரணம் புகுகிறார். அடுத்த ஏழாம் பத்தின் தொடக்கமோ, இந்த்ரியங்கள் தம்மை நலியும்படி விட்டுவைத்தாயே என்ற கதறல். சரணாகதி செய்தபின்னும் ஆழ்வார் அழுகிறார். அந்த அழுகை ப்ரபந்தத்திலும் நிற்கிறது, வ்யாக்யானங்களிலும் நிற்கிறது.

அயலானிடம் யாரும் முறையிட்டு அழுவதில்லை. உறவு உண்டு என்று உறுதியாக அறிந்தவனே, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பான். ஆகவே இக்குறை உறவின் அடையாளமே. அதோடு, ஆழ்வார் காட்டும் நோயாளி மருத்துவனை விட்டு ஓடவில்லை, மருந்தையும் மறுக்கவில்லை.

ஸாரம்

இத்திருமொழியின் பலச்ருதியை ஒருமுறை ஊன்றிச் சேவிக்க வேண்டுகிறோம். வல்லவர் நரகம் அடையார் என்பதே அங்கே சொல்லப்படும் பலன். நோய் தீரும், மழை பெய்யும், செல்வம் சேரும் என்ற வாக்கு அதில் இல்லை. தராததைத் தருவேன் என்று சொல்லாத பாட்டாகையால்தான், எதுவும் கிடைக்காத நாளிலும் அதை நம்பிச் சேவிக்க முடிகிறது.

துன்பத்திலிருக்கும் ஒரு பாகவதரைக் காணச் செல்லும்போது, எல்லாம் நன்மைக்கே என்று சொல்ல நாம் விரைகிறோம். அதற்கு முன் அருகில் அமர்ந்து இந்தப் பத்துப் பாட்டுகளைச் சேவிக்கலாம். அவர் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதை ஆழ்வார் அவருக்காகச் சொல்லிவைத்திருக்கிறார்.

குலசேகரப் பெருமாளின் திருநக்ஷத்ரம் மாசிப் புனர்பூசம். மாதந்தோறும் புனர்பூசத்தன்று அடியோங்கள் அகத்தில் இத்திருமொழியை ஸேவாகாலமாகச் சேவித்துவருகிறோம். நாலாம் பாட்டு வரும்போது குரல் இன்றும் தடுமாறுகிறது. தடுமாறினாலும் அடுத்த பாட்டுக்குப் போகிறோம்.

குலசேகரப் பெருமாள் திருவடிகளே சரணம்.
ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.